ஸ்க்ரூவா, பட்டனா? முழங்கால் ஜவ்வு ஆபரேஷன்ல ஒட்டை எது பிடிச்சு வைக்குது

(ஆடியோ எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். சின்னமனூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு நேயர் அனுப்பியிருந்தார். பொங்கல் கபடியில அவரோட தம்பிக்கு முழங்கால் போயிருச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு, ஆபரேஷனுக்குத் தேதியும் குறிச்சாச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில ஒரு பேப்பரைக் கையில குடுத்து, "மெட்டல் ஸ்க்ரூ, பயோ ஸ்க்ரூ, பட்டன், எது வேணும்னு காலையில சொல்லிருங்க"ன்னு சொல்லியிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை. வாய்ஸ் நோட்ல அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, நகையை அடகு வச்சாவது நல்லதாப் போட்ருவோம், எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. தம்பி வேற வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள இறங்கி ஆடணும்கிறான்."

அன்னைக்கு அவருக்கு நான் சுருக்கமா, டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு மட்டும் அனுப்பினேன். ஆனா கேள்வி அவரோட முடியுறது இல்ல. தேனி, போடி, கம்பம், கூடலூர்னு நம்ம பக்கத்துல கபடி இல்லாத ஊர் கிடையாது. பைக்ல விழுறவங்களும் உண்டு. தினமும் விடியக்காலம் ஜீப் ஏறி குமுளி, கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போய் சரிவுல நின்னு வேலை பாக்குறவங்களும் உண்டு. எல்லார் வீட்லயும் இந்த பேப்பர் வரலாம். அதனால முழுசாப் பேசிடலாம்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர், டாக்டர் கிடையாது. எதைப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த பேப்பர்ல இருக்கிற வார்த்தைக்கெல்லாம் என்ன அர்த்தம், உள்ள அது என்ன வேலை செய்யுதுங்கிறதை மட்டும் சொல்றேன்.

கிழிஞ்சது எது

நம்ம ஊர்ல முழங்காலுக்குள்ள எது போனாலும் "ஜவ்வு கிழிஞ்சிருச்சு"தான். ஆனா ஜவ்வுங்கிற ஒரே பேர்ல ரெண்டு வேற பொருள் இருக்கு. ஒண்ணு மெனிஸ்கஸ். ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறது. இன்னொண்ணு தசைநார், அதாவது எலும்பை எலும்போட கட்டி வைக்கிற கயிறு. முழங்காலுக்கு நடுவுல இப்படி ரெண்டு கயிறு ஒண்ணுக்கொண்ணு குறுக்கே பெருக்கல் குறி மாதிரி போகுது. முன்னாடி இருக்கிறதுக்குப் பேர் முன் சிலுவைத் தசைநார். எல்லாரும் சொல்றது ஏ.சி.எல். மூணு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம், ஒரு சென்டிமீட்டர் போல அகலம். அவ்வளவுதான். ஆனா கீழ்க்கால் எலும்பு முன்னாடி நழுவாமலும், திரும்பும்போது முழங்கால் பிசகாமலும் பாத்துக்கிறது இதுதான்.

கபடியில இது போறதுக்கு எப்பவும் யாராவது மேல வந்து விழணும்னு இல்ல. பாடிப் போறவர் பாதத்தை அழுத்தி ஊன்றி, உடம்பை மட்டும் சடார்னு திருப்புவார். அப்பவே "டப்"னு ஒரு சத்தம். சில மணி நேரத்துல முழங்கால் வீங்கிரும். ரெண்டு மூணு வாரத்துல வீக்கம் வத்தி நடக்க ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் ஒருநாள் திரும்பும்போது கால் "கழண்ட மாதிரி" போகும்.

இந்தக் கயிறு முழுசா அறுந்துட்டா தானா சேர்றது அரிது. அறுந்த ரெண்டு முனையையும் தைச்சு வைக்கிற முறையும் எல்லாருக்கும் சரிவரல. அதனால பெரும்பாலும் புதுக் கயிறு போடுறாங்க. வெளியில இருந்து வாங்குறது இல்ல, நம்ம உடம்புல இருந்தே எடுக்குறாங்க. இந்தியாவுல அதிகமா எடுக்குறது தொடையோட பின்பக்கம் இருக்கிற ரெண்டு தசைநாண்களை. நாலு மடிப்பா மடிச்சா 8 மில்லிமீட்டர் போலத் தடிமன் வரும். சிலருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழ இருக்கிற நாணை ரெண்டு பக்கமும் எலும்புத் துண்டோட எடுப்பாங்க. கணுக்கால் பக்கத்துல இருந்து எடுக்கிற முறையும் இப்ப இங்க பரவியிருக்கு.

எடுத்த நாணுக்குப் பேர் கிராஃப்ட். தமிழ்ல ஒட்டு. தொடை எலும்புல ஒரு சுரங்கம், கீழ்க்கால் எலும்புல ஒரு சுரங்கம் துளைச்சு, ரெண்டுக்கும் நடுவுல இதை இழுத்து விட்டு, ரெண்டு முனையையும் பிடிச்சு வைக்கணும். அந்தப் பிடிமானத்துக்குத்தான் ஸ்க்ரூ, பட்டன் எல்லாம்.

பெரியகுளத்துக்காரங்களுக்கு இது ஏற்கனவே தெரியும்

ஒட்டுன்னு சொன்னதும் நமக்கு மாங்கன்னுதானே ஞாபகம் வரும்? பெரியகுளம் பக்கத்து நர்சரியில ஒட்டு கட்டுறதைப் பாத்திருப்பீங்க. நெருக்கு ஒட்டுன்னு ஒரு பழைய முறை. தொட்டியில இருக்கிற நாட்டு மாங்கன்னைத் தாய் மரத்தோட கிளைப் பக்கம் கொண்டுபோய், ரெண்டுலயும் ஒரு பக்கம் பட்டையைச் சீவி, சீவின இடம் ரெண்டும் ஒட்டுற மாதிரி சேர்த்து வச்சு, நாடாவால இறுக்கிக் கட்டுவாங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு, நல்லா சேர்ந்துருச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் தாய் மரத்துல இருந்து அறுத்து எடுப்பாங்க.

இப்ப ஒரு கேள்வி. பத்து வருஷம் கழிச்சு அந்த மரம் காத்துல நிக்குதுன்னா, அதைப் பிடிச்சு நிக்கிறது அந்த நாடாவா? கிடையாது. நாடாவோட வேலை அந்த ரெண்டு மூணு மாசம்தான். அதுக்குள்ள நழுவினா ஒட்டு போச்சு. அதுக்கப்புறம் நாடா இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். சொல்லப்போனா காலத்துல அவிழ்க்காம விட்டா தண்டை நெரிக்கும்.

முழங்காலுக்குள்ள இருக்கிற ஸ்க்ரூவும் பட்டனும் அந்த நாடாதான். எலும்புச் சுரங்கத்துக்குள்ள இருக்கிற நாணைச் சுத்தி உடம்பு மெல்ல எலும்பை வளர்த்து, சின்னச் சின்ன நார்களால தச்சு மாதிரி பிடிச்சுக்கும். எலும்புத் துண்டோட எடுத்த ஒட்டா இருந்தா எலும்பும் எலும்பும் சேர 6 முதல் 8 வாரம் போல. வெறும் நாணா இருந்தா 8 முதல் 12 வாரம் போல. 1993ல அமெரிக்காவுல நாய்கள்ல செஞ்ச ஒரு ஆய்வு இதைத் தெளிவாக் காட்டுச்சு. நாணை எலும்புச் சுரங்கத்துல வச்சு, சில வாரத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாத்தாங்க. 8 வாரம் வரைக்கும் நாண் சுரங்கத்துல இருந்து உருவிட்டு வந்துச்சு. 12 வாரத்துல இழுத்தப்ப உருவல. எலும்புக்குள்ள இருந்த பகுதி பிடிச்சு நின்னுச்சு, வேற இடத்துலதான் விட்டுச்சு.

அப்ப முதல் 12 வாரத்துக்கு மட்டும் தேவைப்படுற ஒரு பொருளைப் பத்தித்தான் அந்த பேப்பர் பேசுது. இதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் சுலபம்.

"எது வேணும்?" - கேள்வியிலயே ஒரு குழப்பம்

வாய்ஸ் நோட்ல அவர் ஸ்க்ரூவா பட்டனான்னு கேட்டார். பெரும்பாலான ஆபரேஷன்ல ரெண்டுமே போடுவாங்க. ஒட்டுக்கு ரெண்டு முனை இருக்கே. தொடை எலும்புப் பக்கம் மேல் முனை, கீழ்க்கால் எலும்புப் பக்கம் கீழ் முனை. இப்ப ரொம்பப் பரவலா இருக்கிற கூட்டணி, மேல பட்டன், கீழ ஸ்க்ரூ. ஆகவே பேப்பரைக் கையில வாங்கினதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சார், இது மேல் முனைக்கா, கீழ் முனைக்கா?"

ஸ்க்ரூ எப்படிப் பிடிக்குது? சுவத்துல ஆணி அடிக்க ஓட்டை போட்டு, ஓட்டை பெருசாப் போச்சுன்னா பக்கத்துல ஒரு குச்சியைச் சொருகி இறுக்குவோம்ல, அதே தத்துவம். சுரங்கத்துக்குள்ள ஒட்டு இருக்கு. அதுக்குப் பக்கத்துல 7 முதல் 9 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு ஸ்க்ரூவை முடுக்குனா, அது ஒட்டை எதிர்ச் சுவரோட அழுத்தி நெருக்கிப் பிடிக்கும். 1983ல ஒரு அமெரிக்க டாக்டர் சாதாரண எலும்பு ஸ்க்ரூவையே இப்படிப் பயன்படுத்திக் காட்டினார். 1987ல ஜப்பானைச் சேர்ந்த குரோசாகாவும் கூட்டாளிகளும், அப்ப புழக்கத்துல இருந்த பல பிடிமானங்களை ஒப்பிட்டுப் பாத்து, இதுக்குன்னே செஞ்ச 9 மில்லிமீட்டர் ஸ்க்ரூ மத்ததை விட நல்லாப் பிடிக்குதுன்னு சொன்னாங்க. அவங்க சொன்ன இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம்: ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல பலவீனமான இடம் ஒட்டு கிடையாது, அதைப் பிடிச்சு வச்சிருக்கிற இடம்.

பட்டன் வேற மாதிரி. கயிறுல ஒரு குச்சியைக் கட்டி, ஓட்டைக்குள்ள நேரா விட்டு, அந்தப் பக்கம் போனதும் குறுக்கே திருப்பி விட்டா திரும்ப வராது இல்லையா? அதேதான். 4 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கிற ஒரு சின்ன டைட்டானியம் தகடு. நீளவாக்குல 4.5 மில்லிமீட்டர் ஓட்டை வழியாப் போய், தொடை எலும்போட வெளிப்பக்கம் வந்ததும் குறுக்கே புரண்டு உக்காந்துக்கும். அதுல இருந்து தொங்குற நூல் வளையத்துல ஒட்டு மாட்டியிருக்கும்.

இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். தொடை எலும்புச் சுரங்கம் மொத்தம் 40 மில்லிமீட்டர்னு வைங்க. நூல் வளையம் 15. அப்ப எலும்புக்குள்ள நிக்கப்போற ஒட்டு 25. ஆனா பட்டன் புரளணும்னா அது முதல்ல வெளிய முழுசா வரணும். அதுக்கு ஒட்டு இன்னும் 6, 7 மில்லிமீட்டர் மேல ஏறணும். அதனால அகலமான பகுதியை 25க்குத் துளைச்சா பத்தாது, 31, 32க்குத் துளைக்கணும். கம்மியாத் துளைச்சா பட்டன் புரளாது. ரொம்ப நீளமான வளையம் எடுத்துட்டா எலும்புக்குள்ள போதுமான ஒட்டு இருக்காது, பிடிக்க இடமில்லாமப் போயிரும். இந்தக் கணக்கு வேண்டாம்னுதான் இப்ப சுருக்கிக்கிற வளையம் வந்திருக்கு. பட்டன் புரண்டப்புறம் நூலை இழுத்து இறுக்கிக்கலாம். லேப்ல திரும்பத் திரும்ப இழுத்தப்ப அதுல சில வளையங்கள் கொஞ்சம் கொஞ்சமா நெகிழ்ந்துச்சுன்னு ஆய்வுகள் வந்துச்சு. ஆனா நோயாளிகளோட முழங்கால்ல பாத்தா நிலைத்த வளையத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல.

ஸ்க்ரூ எதால ஆனதுங்கிறதுதான் விலையை ஏத்துறது. டைட்டானியம் பழசு, உறுதி, ஆனா கூர்மையா இருந்தா முடுக்கும்போது நாணை வெட்ட வாய்ப்பு உண்டு. பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுத்தா அந்த இடத்துல படம் கலங்கித் தெரியும். (டைட்டானியம் காந்தத்துல இழுபடாது, எம்.ஆர்.ஐ. பொதுவா எடுக்கலாம். ஆனா உள்ள என்ன இருக்குன்னு எடுக்கிறவர்கிட்ட சொல்லணும்.) பயோ ஸ்க்ரூங்கிறது கரையுற பாலிமர். "கரையும்"னா தையல் நூல் மாதிரி சில வாரத்துலன்னு நினைக்காதீங்க, வருஷக்கணக்குல ஆகும். பழைய வகைகள்ல முடுக்கும்போதே உடைஞ்சதும், கரையும்போது சுத்தி நீர்க்கட்டி மாதிரி வந்ததும் உண்டு. புது வகையில எலும்புக்கான கால்சியம் உப்பைக் கலந்திருக்காங்க. பீக்னு ஒரு பிளாஸ்டிக் வகையும் இருக்கு, அது கரையாது, எக்ஸ்ரேயில தெரியாது. இதுல எதைப் போட்டாலும் முழங்கால் கடைசியில எப்படி இருக்குங்கிறதுல பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் திரும்பத் திரும்ப வர்ற முடிவு. இறக்குமதி பயோ ஸ்க்ரூவுக்காக மட்டும் நகையை அடகு வைக்கணும்னு யாராவது சொன்னா, ஏன்னு காரணம் கேட்கலாம். தப்பே இல்ல.

சிமெண்ட் மூட்டைக் கணக்கு

நம்பர் இல்லாம எஞ்சினியருக்குத் தூக்கம் வராது. 500 நியூட்டன்னா ஏறக்குறைய 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை தொங்குற இழுவிசை. அன்றாட வேலையில ஏ.சி.எல். மேல விழுற இழுவை அதிகபட்சம் இந்த ஒரு மூட்டை அளவுன்னு ஒரு மதிப்பீடு. இளவயசு ஆளோட நல்ல ஏ.சி.எல். அறுபடுறதுக்கு 2,160 நியூட்டன், நாலு மூட்டைக்கு மேல. நாலு மடிப்புத் தொடை நாண் 4,000 நியூட்டன், எட்டு மூட்டை. அதாவது புதுக் கயிறு பழசை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உறுதி.

இப்ப பிடிமானத்தைப் பாருங்க. 2003ல பின்லாந்து ஆய்வாளர்கள் பன்றி எலும்புல பல சாதனங்களை வச்சு இழுத்துப் பாத்தாங்க. மேல் முனையில பட்டன் சுமார் 1,090 நியூட்டன் தாங்குச்சு. ஒரு கரையுற ஸ்க்ரூ 590. கீழ் முனையில ஒரு ஸ்க்ரூ 470லயே விட்டுருச்சு, இன்னொரு வகைச் சாதனம் 1,330 வரைக்கும் போச்சு. எட்டு மூட்டை தாங்குற கயிறை ஒண்ணு ரெண்டு மூட்டை தாங்குற கொக்கியில மாட்டியிருக்கோம். கயிறோட பலத்தைப் பேசி முதல் மூணு மாசத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதுலயும் கீழ் முனைதான் பலவீனம். அங்க எலும்பு உள்ள பொறபொறன்னு இருக்கும். ஒட்டை இழுக்கிற திசையும் சுரங்கத்தோட திசையும் ஒண்ணா இருக்கிறதால நேரா உருவிட்டு வர வாய்ப்பு அதிகம். அதனாலதான் சில டாக்டர்கள் கீழ ஸ்க்ரூ போட்டும் மனசு ஆறாம, கூடவே ஒரு ஸ்டேப்பிளோ, நூலைக் கட்ட இன்னொரு ஸ்க்ரூவோ போடுவாங்க. பில்லுல அது ரெண்டாவது அயிட்டமா வரும். "எதுக்கு ரெண்டு?"ன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். எலும்பு தேய்மானம் உள்ளவங்களுக்கு, உதாரணமா 45, 50 வயசுல ஏலத்தோட்டத்துல வழுக்கி விழுந்த அம்மாவுக்கு, ஸ்க்ரூ கடிக்கிற உள் எலும்பே மெத்துன்னு இருக்கலாம். வெளி எலும்போட கெட்டியான ஓடு மேல உக்கார்ற பட்டனுக்கு அங்க ஒரு சாதகம் இருக்கு. எது நல்லதுங்கிறது ஆளைப் பொறுத்து மாறுறது இப்படித்தான்.

பட்டனுக்கு ஒரு குறையும் சொல்லணும். அது ஒட்டை மூட்டு வாசல்ல பிடிக்கல, தூரத்துல இருந்து தொங்க விடுது. அதனால முழங்கால் மடங்கி நீளும்போது ஒட்டு சுரங்கத்துக்குள்ள ரப்பர் மாதிரி லேசா மேலயும் கீழயும் போகும், பக்கவாட்டுலயும் உரசும். சுரங்கம் கொஞ்சம் அகலமாகலாம். எக்ஸ்ரேயில அகலமாத் தெரிஞ்சாலும், பெரும்பாலும் முழங்கால் தளர்ந்துபோறது இல்ல.

நம்பரை விட முக்கியமான ஒண்ணு இழுத்துக் கட்டுற விதம். கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தல் போட்டவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கல்லுக்கால் நட்டு கம்பியை முறுக்கிக் கட்டின அன்னைக்கு விறைப்பா நிக்கும். கொடி படர்ந்து பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாத் தொங்க ஆரம்பிச்சதும் கம்பி தொய்யும். நாணும் அப்படித்தான், புதுசா இழுத்தா கொஞ்சம் நீளும். அதனால அதை முன்கூட்டியே பலகையில இழுத்து வச்சிருப்பாங்க. மேல் முனையை மாட்டின பிறகு, கீழ் முனையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு முழங்காலை இருபது தடவை போல மடக்கி நீட்டுவாங்க. தொய்யுறது எல்லாம் அங்கயே தொய்யட்டும்னு. அப்புறம்தான் கீழ ஸ்க்ரூவை முடுக்குவாங்க. இந்த அஞ்சு நிமிஷ வேலைக்குப் பில்லுல வரி கிடையாது. சுரங்கம் சரியான இடத்துல துளைச்சிருக்கா, ஸ்க்ரூ சுரங்கத்தோட கோணத்துலயே போயிருக்கா, இந்த ரெண்டும் அதே கணக்குதான். ஸ்க்ரூ ஒரு பக்கமாச் சாஞ்சு போனா டைட்டானியமா இருந்தாலும் பிடிமானம் குறையும். எந்த பிராண்டுங்கிறதை விட, போடுற கை இதை எத்தனை தடவை போட்டிருக்குங்கிறதைக் கேட்கிறது உபயோகம்.

திருவிழாவுக்கு ஆடலாமா?

இப்ப தம்பியோட கேள்விக்கு வர்றேன். பிடிமானம் உறுதியா இருந்தா என்ன லாபம்? முன்னாடி பிடிமானம் நம்ப முடியாததா இருந்ததால, ஆபரேஷன் முடிஞ்சு வாரக்கணக்குல மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்கும்போது ஒட்டு சேர்ந்திருக்கும், முழங்கால் மடங்காது, தொடை வத்திப் போயிருக்கும். நல்ல ஸ்க்ரூ வந்தப்புறம்தான் சில நாள்லயே காலை ஊன்றி, மடக்கி நீட்டுற பிசியோதெரபி வந்துச்சு. ஆக, பிடிமானம் நமக்கு வாங்கிக் குடுக்கிறது சீக்கிரமா அசைக்கிற அனுமதியை. சீக்கிரமா விளையாடுற அனுமதி அதுல சேராது.

ஏன்னா மாங்கன்னு உவமை ஒரு இடத்துல உடையுது. ஒட்டு கட்டின மாங்கிளை உயிரோட இருக்கு. முழங்காலுக்குள்ள வச்ச நாணுக்கு அன்னைக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அதுல இருக்கிற செல்கள் செத்து, மெல்லப் புது ரத்தக்குழாய் உள்ள வந்து, பழைய நாரைக் கரைச்சுப் புது நார் போட்டு, நாணா இருந்தது தசைநாரா மாறணும். ஓட்டு வீட்டைப் பிரிச்சு மேயுற மாதிரி. நடுவுல ஒரு கட்டத்துல பழைய ஓடும் இல்ல, புது ஓடும் இல்ல. விலங்குகள்ல செஞ்ச ஆய்வுகள்ல, ஒட்டோட பலம் இந்த சமயத்துல ஆரம்ப பலத்துல பாதிக்கும், அதுக்குக் கீழயும்கூட இறங்கியிருக்கு. அது சுமார் ஒன்றரை மாசத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும்.

காலண்டர்ல வச்சுப் பாருங்க. பொங்கலுக்கு அடிபட்டு, தை கடைசியில ஆபரேஷன். சித்திரை கடைசியில, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சமயத்துல, மூணு மாசம். அப்ப என்ன நிலைமை? வீக்கம் இல்ல, வலி இல்ல. மாடிப்படி ஏறுறான், பைக் ஓட்டுறான். எலும்பு அப்பத்தான் நாணைப் பிடிச்சிருக்கு, ஸ்க்ரூவோட வேலை முடியுற நேரம். ஆனா நடுவுல இருக்கிற நாண் அதோட பலவீனத்துல இருந்து அப்பத்தான் எந்திரிக்க ஆரம்பிச்சிருக்கு. வெளிய இருந்து பாத்தா எல்லா டெஸ்ட்டும் பச்சை, உள்ள மைக்ரேஷன் பாதியில. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்த நிலைமை எவ்வளவு மோசம்னு புரியும்.

டெலவேர்-ஆஸ்லோ ஆய்வுக் குழு 2016ல வெளியிட்ட முடிவு இது: ஆபரேஷனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புறதை 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும், மறுபடி முழங்கால் அடிபடுற வாய்ப்பு 51 சதவீதம் குறையுது. 9 மாசத்துக்கு மேல தள்ளினா கூடுதலா குறைஞ்சதாத் தெரியல. தை கடைசியில இருந்து 9 மாசம்னா ஐப்பசி கடைசி. ஏறக்குறைய தீபாவளி. அதுவும் மாசம் ஆனா மட்டும் பத்தாது. அடிபட்ட காலோட தொடை பலம் மத்தக் காலுக்கு ஈடா வந்திருக்கான்னு அளந்து பாக்கணும். ஒத்தைக் கால்ல தாவிப் பாக்கணும்.

டைட்டானியம் போட்டா இந்த 9 மாசம் குறையுமா? குறையாது. தங்கத்துல போட்டாலும் குறையாது. ஸ்க்ரூ பிடிக்கிறது முனைகளை, இந்த மாசங்கள் நடுவுக்கு. கபடி ஆடாதவங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஏலத்தோட்டச் சரிவுல கூடையோட இறங்குறது, ஓடுற ஜீப்ல இருந்து குதிக்கிறது, இதெல்லாம் முழங்காலுக்குக் கபடி மாதிரிதான். கூலி நின்னுபோகும்னு மூணாவது மாசமே மலை ஏறுறவங்க இருக்காங்க. சமதளத்துல தரம் பிரிக்கிற வேலை கொஞ்ச நாள் கேட்டு வாங்க முடியுமான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கங்காணிகிட்டப் பேசி வைக்கிறது நல்லது.

பணத்தைப் பத்தி ஒண்ணு. நகையை அடகு வச்சு வர்ற பணத்துல ஸ்க்ரூவோட ரகத்தை ஏத்துறதா, ஆறு மாசம் பிசியோதெரபிக்கு பஸ் செலவும் ஃபீஸும் ஒதுக்குறதான்னு என்னைக் கேட்டா, ரெண்டாவதுதான். நம்ம பக்கத்துல நிறைய பேர் ரெண்டாவது மாசமே பிசியோவை நிறுத்திடறாங்க. தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்குல இருக்கு. கூடலூர்ல இருந்து வாரத்துக்கு மூணு தடவை வந்து போறதுங்கிறது சும்மா இல்ல, புரியுது. அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போதே வீட்ல செய்யுற பயிற்சி எது, எந்த வாரம் எது, எதைச் செய்யவே கூடாதுன்னு எழுதி வாங்கிக்கங்க. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா, பேக்கேஜ்ல ஸ்க்ரூவும் பட்டனும் அடங்குதா, தனியாக் கட்டணுமான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல முன்னாடியே கேட்ருங்க. 2017ல மத்திய அரசு முழங்கால் உள்பொருத்திகளுக்கு விலை வரம்பு வச்சதை வச்சு சிலர் குழப்பிக்கிறாங்க. அது மூட்டு மாற்று ஆபரேஷனுக்கானது.

ரெண்டு கேள்வி, வேகமா

"சென்னையில ஒரு பொண்ணு இந்த ஆபரேஷன்லதானே இறந்துச்சு?"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஆமா. 2022 நவம்பர்ல, 17 வயசு கால்பந்து வீராங்கனை. அங்க ஒட்டோ ஸ்க்ரூவோ பிரச்சினை இல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திருச்சு, காலை எடுக்க வேண்டி வந்துச்சு, அப்புறமும் காப்பாத்த முடியல. இது அரிதானது. ஆனா வீட்டுக்காரங்க தெரிஞ்சு வச்சுக்கணும். ஆபரேஷன் ஆன கால்ல மருந்துக்கும் அடங்காத வலி, விரல் மரத்துப் போறது, பாதம் சில்லுன்னு ஆகுறது, நிறம் வெளிறியோ நீலமாவோ மாறுறது, விரலை அசைக்க முடியாமப் போறது. இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் நர்ஸைக் கூப்பிடுங்க. கட்டைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. "காலையில ரவுண்ட்ஸ்ல பாத்துக்கலாம்"னா ஒத்துக்காதீங்க.

அடுத்தது, "ஒட்டு சேர்ந்தப்புறம் ஸ்க்ரூவை எடுக்கணுமா?" மாங்கன்னு நாடாவை அவிழ்க்கணும்னு சொன்னேன், அதனால இந்தக் கேள்வி வரும். பொதுவா எடுக்க வேண்டியது இல்ல. எலும்புக்குள்ளயே இருந்துட்டுப் போகும். விதிவிலக்கு, கீழ்க்கால் எலும்பு மேல உக்கார்ற ஸ்டேப்பிளும் கூடுதல் ஸ்க்ரூவும். அங்க தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதையே கிடையாது. மண்டி போடும்போது உறுத்தினா, ஒரு வருஷம் போல ஆனதுக்கப்புறம் சின்ன ஆபரேஷன்ல எடுத்துருவாங்க. வயல்ல உக்காந்து வேலை பாக்குறவங்க, தொழுகையில மண்டியிடுறவங்க இதை முன்னாடியே டாக்டர்கிட்டச் சொன்னா, அதுக்கேத்த மாதிரி அவர் வேற பிடிமானம் யோசிக்கலாம். சில்லுக்குக் கீழ இருந்து நாண் எடுக்கிற முறையில மண்டி போடும்போது வலிக்கிற வாய்ப்பு கூட, அதையும் சேர்த்துக் கேளுங்க.

அந்த நேயரோட தம்பிக்கு மேல பட்டனும் கீழ ஸ்க்ரூவும் போட்டிருக்காங்க. போன வாரம் பேசினப்ப ஏழாவது வாரம். வீரபாண்டிக்கு ராட்டினம் பாக்க மட்டும் போவானாம், அண்ணன்காரர் கண்டிஷனாச் சொல்லிட்டார்.

மெனிஸ்கஸ் பத்தித் தனியா ஒரு எபிசோட் வருது. ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்ப நினைக்கிறவங்க பேரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் மறைச்சுட்டு அனுப்புங்க.